வாட்டர் பாத் முதல் மஃபிள் ஃபர்னஸ் வரை: சூடேற்றும் கருவிகளில் மின் பாதுகாப்பு

செய்முறை வகுப்பு முடிந்து மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி வந்து, "அண்ணா, அந்த ஓரத்து வாட்டர் பாத்துல கை பட்டா சுருக்குனு இருக்கு" என்றாள். ஆய்வக உதவியாளராகச் சேர்ந்த புதிது. "ஈரக் கையோட தொட்டிருப்ப" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் இன்னொரு மாணவனும் அதையே சொன்ன பிறகுதான் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். எர்த் வயர் தன் திருகிலிருந்து கழன்று, பிளக்குக்குள் எதையும் தொடாமல் கிடந்தது. இரண்டு பேரும் ரப்பர் செருப்பு போட்டிருந்தார்கள். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று ஒருவர் தொட்டிருந்தால் 'சுருக்' என்பதோடு போயிருக்காது. அந்த ஒரு வார அலட்சியம் இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

ஆய்வகத்தில் தராசு, மைக்ரோஸ்கோப், பி.எச். மீட்டர் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்றுதான் இயக்குகிறோம். சூடேற்றும் கருவிகளை மட்டும் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறோம். சில நாள் வீட்டுக்கே போய்விடுகிறோம். "டெம்பரேச்சர் செட் பண்ணியாச்சு, கண்ட்ரோலர் பார்த்துக்கும்" என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு எதிராகத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். கண்ட்ரோலருக்கு வெப்பநிலையைப் பிடித்துவைக்கத்தான் தெரியும். உங்களைக் காப்பாற்ற அதற்குத் தெரியாது. அதற்கான ஏற்பாடுகள் வேறு. அவற்றை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு

கருவியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் அளவு இருக்கும். அதை 230ஆல் வகுத்தால் அது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தெரிந்துவிடும்.

- 1,000 வாட் வாட்டர் பாத்: 4.3 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட் போதும்.
- 1,500 வாட் ஹாட் ஏர் ஓவன்: 6.5 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட் போதாது. 16 ஆம்பியர் வேண்டும்.
- 3,500 வாட் மஃபிள் ஃபர்னஸ்: 15.2 ஆம்பியர். சாதாரண 16 ஆம்பியர் சாக்கெட்டின் விளிம்பில் நிற்கிறது.

இரண்டாவது வரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'அரை ஆம்பியர்தானே கூடுதல்' என்று தோன்றும். ஆனால் ஓவன் தொடங்கும்போது ஹீட்டர் அரை மணி, ஒரு மணி நேரம் விடாமல் ஓடும். சாக்கெட்டின் உள்ளே பித்தளைப் பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகும். சூட்டில் பிடி இன்னும் தளரும், அதனால் இன்னும் சூடாகும். பிளக் முனை பழுப்பேறியிருந்தாலோ, சாக்கெட் அருகே மீன் நாற்றம் போல ஒரு வாடை வந்தாலோ, அந்தச் சுழற்சி தொடங்கிவிட்டது என்று பொருள். பிளாஸ்டிக் வேகும் வாடை அது. பிளக், சாக்கெட் இரண்டையுமே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

மஃபிள் ஃபர்னஸுக்குத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். மெயின் பெட்டியிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 ஆம்பியர் எம்.சி.பி.யோடு கூடிய இரும்பு உறை சாக்கெட், அவ்வளவுதான். ஏ.சி.க்குப் போடுவது போலத்தான். செலவு அதிகமில்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எந்தச் சூடேற்றும் கருவியையும் சொருகாதீர்கள். சந்தையில் கிடைக்கும் பல பாக்ஸ்களின் வயர் 0.75 சதுர மில்லிமீட்டர்தான். சுருட்டி வைத்த நிலையில் அந்த வயரின் சூடு வெளியேறவும் வழி இல்லை. 16 ஆம்பியர் பிளக்கை 6 ஆம்பியர் சாக்கெட்டில் நுழைக்க உதவும் கன்வெர்ஷன் பிளக்குகள் ஆய்வகத்தில் இருந்தால் இன்றே எடுத்துக் குப்பையில் போடுங்கள். சாக்கெட்டின் அளவு வேறுபட்டிருப்பதே இப்படிச் சொருகிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

எர்த், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி.: எது எதைக் காக்கும்

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது மிகப் பரவலான தவறு.

எம்.சி.பி. வயரைக் காக்கிறது, ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ வேண்டுமானால் 16 ஆம்பியருக்கு மேல் போக வேண்டும். மனித உடலில் 10 மில்லி ஆம்பியர் அளவில் போனாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சில நொடி நீடித்தால் மூச்சும் இதயமும் ஆபத்தில். 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லி ஆம்பியர். 'எம்.சி.பி. இருக்கு, பயமில்லை' என்று யாராவது சொன்னால் 30, 16,000 என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பது. ஃபேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள், உடனே வெட்டிவிடும். ஆய்வக மேசைகளுக்கு 30 மில்லி ஆம்பியர் வகைதான் வேண்டும். 100, 300 மில்லி ஆம்பியர் வகைகள் தீ விபத்தைத் தடுக்க வைப்பவை. ஆளைக் காக்க அவை போதாது. முகப்பிலேயே எண் அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் ஆர்.சி.சி.பி.க்கு நீங்களும் ஒரு ஹீட்டர்தான். அது வெட்டாது.

எர்த் இருந்தால் கருவியின் உடலில் கசிவு ஏறிய நொடியே அது மண்ணுக்குப் போகும், ஆர்.சி.சி.பி. அப்போதே விழும். எர்த் இல்லாவிட்டால் கசிவு உடலிலேயே காத்திருக்கும். யாராவது தொடும்போதுதான் அவர் வழியாக மண்ணுக்குப் போகும். அதற்குப் பிறகுதான் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியவரும். உயிர் தப்பலாம். ஆனால் அந்த அதிர்ச்சியில் கொதிநீர்ப் பாத்திரம் மேலே கவிழலாம்.

நம் மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனை மற்ற இரண்டைவிடத் தடிமனாகவும் நீளமாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு. சொருகும்போது எர்த் முதலில் இணைய வேண்டும், உருவும்போது கடைசியாகப் பிரிய வேண்டும். அந்த முனையை அறுத்துவிட்டு, 'இப்பதான் நல்லா நுழையுது' என்று பயன்படுத்துவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட பிளக்கைக் கண்டால் கருவியை அங்கேயே நிறுத்துங்கள்.

புதிய கருவியை முதன்முறை இணைக்கும் வரிசை

பழுது பார்த்துத் திரும்பி வந்த கருவிக்கும், நீண்ட விடுமுறைக்குப் பிறகு எடுக்கும் கருவிக்கும் இதே வரிசைதான். படிகளை மாற்றாதீர்கள்.

1. சாக்கெட்டைச் சோதியுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில், 600 அல்லது 750 அளவில் வையுங்கள். ஃபேஸ்–நியூட்ரல் 230 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஃபேஸ்–எர்த்தும் ஏறக்குறைய அதே எண். நியூட்ரல்–எர்த் சில வோல்ட்டுக்குள். மீட்டர் பிடிக்கப் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

2. ஃபேஸ் எந்தப் பக்கம் என்று பாருங்கள். எர்த் துளை மேலே இருக்க, நேராக நின்று பார்த்தால் வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். மாறியிருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கீழே சொல்கிறேன்.

3. பிளக்கைத் திறந்து மூன்று திருகுகளையும் இறுக்குங்கள். வயரின் வெளித்தோல் பிளக்கின் கவ்விக்குள் பிடிபட்டிருக்க வேண்டும். இழுத்தால் இழுவை திருகுகளின் மேல் விழக் கூடாது. நிறம் பாருங்கள்: பழைய வயரில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதியதில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை–மஞ்சள் எர்த்.

4. கருவி எதிலும் சொருகப்படாத நிலையில், மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக்கின் எர்த் முனைக்கும் கருவியின் வெளி உலோகத்துக்கும் இடையே அளவிடுங்கள். பெயிண்ட் இல்லாத திருகுத் தலையில் வையுங்கள். ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். முள் அசையவே இல்லை என்றால் எர்த் அறுந்திருக்கிறது.

5. 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) கொண்டு ஃபேஸ்–நியூட்ரல் இரண்டையும் சேர்த்து எர்த்துக்கு எதிராக எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் இயக்க வேண்டாம். டிஜிட்டல் கண்ட்ரோலர் உள்ள கருவி என்றால் அளக்கும்முன் அதைத் தனியே கழற்றிவைக்கச் சொல்லுங்கள்.

6. இடம் பாருங்கள். சிங்க்கிலிருந்து தண்ணீர் தெறிக்கும் தூரத்தில் கருவியும் சாக்கெட்டும் இருக்கக் கூடாது. கருவிக்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சாக்கெட்டின் சுவிட்ச், கருவியைத் தாண்டிக் கை நீட்டாமல் எட்ட வேண்டும். தீப்பிடித்த ஓவனுக்கு மேலாகக் கை நீட்டித்தான் அணைக்க முடியும் என்றால் அந்த சுவிட்ச் இருந்தும் இல்லாததுதான்.

7. சுவர் சுவிட்ச் அணைந்திருக்க, பிளக்கைச் சொருகி, பிறகு சுவர் சுவிட்ச், அதன் பிறகு கருவியின் சுவிட்ச். நிறுத்தும்போது தலைகீழ்: முதலில் கருவி, பிறகு சுவர், கடைசியில் பிளக். ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கை உருவினால் தீப்பொறி பறக்கும், முனைகள் கருகும்.

இனி இரண்டாம் படியின் காரணம். பல எளிய கருவிகளில் முன்பக்க சுவிட்ச் ஒரு வயரை மட்டுமே வெட்டும். ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் அது வெட்டுவது நியூட்ரலை. விளக்கு அணையும், ஹீட்டர் ஆறும், தொட்டுப் பார்த்தால் குளிர்ந்திருக்கும். ஆனால் கம்பி முழுவதும் 230 வோல்ட் அப்படியே நிற்கும். சுத்தம் செய்யக் கையை உள்ளே விடும்போது அடிக்கும். அதனால்தான், சுத்தம் செய்யும்முன் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கை உருவி உங்கள் கண்ணெதிரே மேசை மேல் வையுங்கள் என்கிறேன்.

வாட்டர் பாத்

தண்ணீரும் மின்சாரமும் ஒரே தொட்டியில் இருக்கும் கருவி இது. எல்லா ஆய்வகத்திலும் இருப்பதும் இதுதான், எல்லாரும் அசட்டையாகக் கையாள்வதும் இதைத்தான்.

ஹீட்டர் குழாயின் உள்ளே நிக்ரோம் கம்பி சுருள் இருக்கும். அதற்கும் வெளிக்குழாய்க்கும் இடையில் மெக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக்கி அடைத்திருக்கும். வெப்பத்தை விடும், மின்சாரத்தை விடாது. ஆனால் அது ஈரம் உறிஞ்சும். கோடை விடுமுறை முழுக்கச் சும்மா கிடந்த வாட்டர் பாத்தை ஜூனில் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அடுத்து நடப்பதுதான் ஆபத்து. "இந்த ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா விழுது" என்று சொல்லி யாராவது அதை நேரடி இணைப்பாக மாற்றிவிடுவார்கள். செய்யவே கூடாது. ஹீட்டரைக் கழற்றி, மிதமான சூட்டில் உலர்த்தி, மெக்கரில் பார்த்துத் திரும்பப் பொருத்த எலக்ட்ரீஷியனால் முடியும். அதற்குப் பிறகும் கசிந்தால் குழாயில் விரிசல். ஹீட்டரை மாற்றுவதுதான் வழி.

தினசரி வரிசை:

1. பிளக் உருவிய நிலையில் தண்ணீர் ஊற்றுங்கள். ஹீட்டர் குழாய்க்கு மேல் குறைந்தது இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்க வேண்டும்.
2. வெளிப்பக்கம், மேசை, உங்கள் கை மூன்றையும் துடையுங்கள்.
3. சென்சார் தண்ணீருக்குள் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.
4. பிளக், சுவர் சுவிட்ச், கருவி சுவிட்ச்.
5. ஓடும்போது தண்ணீர் குறைந்தால், அணைத்துப் பிளக்கை உருவிய பிறகே ஊற்றுங்கள். வெறும் ஹீட்டர் வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் முழுதாக ஆறவிடுங்கள். பழுக்கச் சூடான குழாயில் தண்ணீர் பட்டால் வெடித்துப் பிளக்கும்.
6. சோதனைக் குழாயை எடுக்கும்போது, வைக்கும்போது ஒரு கையை மட்டும் பயன்படுத்துங்கள். மற்றக் கை சிங்க்கின் குழாயையோ இரும்பு மேசையையோ பிடித்திருக்கக் கூடாது. கையிலிருந்து கைக்குப் பாயும் மின்சாரத்தின் வழியில்தான் இதயம் இருக்கிறது.

நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். ஹீட்டர் மேல் வெள்ளைப் படிவு ஏறினால் குழாய் தன் சூட்டை வெளியே தள்ள முடியாமல் உள்ளேயே வெந்து விரிசல் விடும். காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவது நல்லது. படிவு ஏறிவிட்டால் வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துத் துடையுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம்.

ஹாட் ஏர் ஓவன்

இதில் ஷாக்கைவிடத் தீயும் வெடிப்பும்தான் பெரிய பயம். உள்ளே ஹீட்டர் கம்பி திறந்தே இருக்கும். ரிலே ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் ஒரு சின்னப் பொறி உண்டு. அசிட்டோனில் அலசிய ஃபிளாஸ்க்கை நேராக ஓவனுக்குள் வைப்பதென்றால் அந்தப் பொறிக்கு எரிபொருள் கொடுப்பதுதான். அசிட்டோன் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி அளவிலேயே தீப்பற்றத் தயார். எத்தனால் 13 டிகிரியில் தயார். ஈதரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரைப்பானில் அலசியதைப் புகைபோக்கிப் பெட்டிக்குள் முழுக்க உலரவிட்டு, முகர்ந்து பார்க்காமல் நேரம் கணக்கிட்டு, அதன் பிறகே ஓவன்.

பின்பக்க வயர் ஓவனின் சூடான தகட்டில் படாமல் பாருங்கள். மேலே காகிதம், நோட்டு, பிளாஸ்டிக் டப்பா எதுவும் வேண்டாம். மேற்புறக் காற்றுத் துளையை அடைக்காதீர்கள்.

மஃபிள் ஃபர்னஸ்

ஆயிரம் டிகிரியைப் பார்த்து எல்லாருக்கும் சூட்டின் பயம் இருக்கிறது. மின்சாரத்தின் பயம் இல்லை. பல ஃபர்னஸ்களில் ஹீட்டர் கம்பி சுவரின் பள்ளங்களில் திறந்தே கிடக்கும். கதவைத் திறந்து நீளமான இரும்பு இடுக்கியை உள்ளே விடுகிறீர்கள். இடுக்கி சுவரில் உரசினால் 230 வோல்ட் நேராகக் கைக்கு வரும். கையுறை சூட்டுக்கானது. வியர்வையில் நனைந்திருந்தால் மின்சாரத்துக்கு அது தடையே இல்லை.

நல்ல ஃபர்னஸில் கதவைத் திறந்தால் ஹீட்டரை வெட்டும் ஒரு கதவு சுவிட்ச் இருக்கும். அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். குறைந்த வெப்பத்தில் ஹீட்டர் விளக்கு எரியும்போது கதவைத் திறந்தால் விளக்கு உடனே அணைய வேண்டும். அணையவில்லை என்றால் பழுது, அல்லது 'தொந்தரவு' என்று யாரோ அதைக் கட்டிவைத்திருக்கிறார்கள். கதவு சுவிட்ச் சரியாக இருந்தாலும் கீழ்க்கண்ட வரிசையை விடாதீர்கள்.

1. கருவி சுவிட்சை அணையுங்கள். பிறகு லைனின் எம்.சி.பி.யையும் அணையுங்கள்.
2. உலர்ந்த தோல் கையுறை, முகக் கவசம், காலை மூடும் ஷூ. துப்பட்டா, தொங்கும் அடையாள அட்டை, வளையல், கைச்சங்கிலி வேண்டாம்.
3. உலர்ந்த ரப்பர் விரிப்பின் மேல் நின்று, பக்கவாட்டில் ஒதுங்கிக் கதவைத் திறங்கள். முதல் அனல் போகட்டும்.
4. இடுக்கியை நடுவில் மட்டும் விட்டு குரூசிபிளை எடுங்கள். பீங்கான் ஓட்டின் மேல் வையுங்கள்.
5. கதவை மூடிய பிறகே மின்சாரத்தைத் திரும்பக் கொடுங்கள்.

ஃபர்னஸின் உட்சுவர்க் கல் மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும். நீண்ட நாள் கழித்துப் போடும்போது மேல் துளையைத் திறந்துவைத்து, 100 முதல் 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓட்டி ஈரத்தை வெளியேற்றுங்கள். நேராக 900 டிகிரிக்கு ஏற்றினால் கல் வெடிக்கும், கம்பி சரிந்து தொங்கும். தொங்கும் கம்பியைக் குச்சியால் தள்ளிவிட்டு மீண்டும் ஓட்டுவது சிலரின் வழக்கம். சூடுபட்ட கம்பி நொறுங்கும் தன்மையது. ஒடிந்த முனை சென்சார் குழாயைத் தொட்டால் கண்ட்ரோலர் பெட்டி வரை மின்சாரம் வரும். ஒரு எச்சரிக்கையும் கூட: மிகப் பழைய ஓவன், ஃபர்னஸ்களின் வெப்பத்தடையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உடைக்காதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள்.

ஹீட்டிங் மேன்டில், ஹாட் பிளேட், இன்குபேட்டர்

ஹீட்டிங் மேன்டிலில் கண்ணாடி இழைத் துணிக்கு அடியிலேயே கம்பி. மேலே எதுவும் சிந்தினால், ஃபிளாஸ்க் விரிசல் விட்டால், சுவர் சுவிட்சை அணைத்து முழுக்க உலர்த்தி, மெக்கரில் பார்த்த பிறகே திரும்ப எடுங்கள். கறை படிந்த, கிழிந்த துணியுள்ள மேன்டிலைத் தைத்துப் பயன்படுத்த வேண்டாம்.

ஹாட் பிளேட்டில் நடக்கும் விபத்து பெரும்பாலும் ஒன்றே: பக்கத்துக் கருவியின் வயர் தகட்டின் மேல் கிடந்து உருகுவது. வயர்களை மேசையின் பின் ஓரத்தில் கிளிப் போட்டுக் கட்டுங்கள்.

பி.ஓ.டி. இன்குபேட்டரின் கண்ட்ரோல் பெட்டி பல்லிக்கும் கரப்பானுக்கும் பிடித்த இடம். வெதுவெதுப்பு, இருட்டு. ரிலேயின் இரு முனைகளுக்கு நடுவே பல்லி செத்துக் கிடந்து ஷார்ட் ஆனதை நானே எடுத்துப் போட்டிருக்கிறேன். வயர் நுழையும் துளைகளுக்கு ரப்பர் வளையம் போடுங்கள். கம்ப்ரசர் உள்ள கருவியை அணைத்தால் மூன்று முதல் ஐந்து நிமிடம் கழித்தே திரும்பப் போடுங்கள். வீட்டுக்கான ஃபிரிட்ஜில் ஈதர் போன்றவற்றை வைக்க வேண்டாம். உள்விளக்கின் சுவிட்சும் தெர்மோஸ்டாட்டும் பொறி விடும் இடங்கள்.

கண்ட்ரோலர் ஏமாறும் நேரங்கள்

டிஸ்ப்ளேயில் தெரியும் எண் கருவியின் வெப்பநிலை என்று நினைக்கிறோம். உண்மையில் அது சென்சாரின் முனை இருக்கும் இடத்தின் வெப்பநிலை. சென்சார் தண்ணீரிலிருந்து நழுவி வெளியே தொங்கினால் அது அறையின் 32 டிகிரியைக் காட்டும். 60 வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். கண்ட்ரோலர் தன் கடமையை ஒழுங்காகச் செய்து ஹீட்டரை முழு வேகத்தில் ஓட்டும். தண்ணீர் கொதித்து வற்றும்வரை ஓட்டும்.

ஃபர்னஸில் இருக்கும் கே வகை தெர்மோகப்பிளின் இரு வயரையும் மாற்றி இணைத்தால், சூடு ஏற ஏற எண் இறங்கும். கண்ட்ரோலர் இன்னும் ஏற்றும். தெர்மோகப்பிள் வயர்கள் வழியில் எங்கோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், ஒட்டிய இடத்தின் வெப்பத்தைத்தான் காட்டும். எனவே ஒரு வழக்கம் வேண்டும். போட்டுவிட்டு உடனே போகாதீர்கள். பத்து நிமிடம் நின்று எண் ஏறுகிறதா என்று பாருங்கள். இறங்கினாலோ அசையாமல் நின்றாலோ அணையுங்கள்.

அடுத்தது சாலிட் ஸ்டேட் ரிலே. சத்தமில்லாமல் ஹீட்டரை இயக்கி நிறுத்தும் சின்னப் பெட்டி. இது கெட்டால் பெரும்பாலும் 'எப்போதும் ஆன்' என்ற நிலையில்தான் கெடும். கண்ட்ரோலர் 'நிறுத்து' என்று சொல்லும், விளக்கும் அணையும், ஹீட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய கான்டாக்டரிலும் முனைகள் உருகி ஒட்டிக்கொள்வது உண்டு. மேலும், நல்ல நிலையில் 'ஆஃப்' ஆக இருக்கும்போதும் சாலிட் ஸ்டேட் ரிலே வழியாகச் சில மில்லி ஆம்பியர் ஒழுகும். ஆகவே டிஸ்ப்ளேயில் 'ஆஃப்' என்றிருப்பதை நம்பி உள்ளே கை வைக்கக் கூடாது.

இதற்கு ஒரே மருந்து, கண்ட்ரோலரோடு எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டாவது வெப்ப வெட்டி. தனி சென்சார், தனி கான்டாக்டர், கையால் ரீசெட் செய்ய வேண்டிய வகை. வேலை வெப்பநிலைக்கு 10 டிகிரி மேலே வைத்தால் போதும். ஃபர்னஸ் என்றால் 50 டிகிரி மேலே. வாட்டர் பாத்துக்குக் கூடவே தண்ணீர் மட்டம் குறைந்தால் வெட்டும் ஃப்ளோட் சுவிட்ச். புதிய கருவி வாங்கும் விலைப்புள்ளியில் இந்த இரண்டையும் எழுதிக் கேளுங்கள். விலை குறைவு என்று இவை இல்லாத கருவியை வாங்குவது தவறான சிக்கனம்.

இரவு முழுக்க ஓட வேண்டுமென்றால்

முதல் கேள்வி: அவசியமா? உலர்த்துவதற்கு ஒரு டைமர் போதும் என்றால் டைமர் போடுங்கள். அவசியமென்றால் தனி வெப்ப வெட்டி உள்ள கருவியை மட்டும் விடுங்கள். மஃபிள் ஃபர்னஸையும் எண்ணெய் பாத்தையும் ஆளில்லாமல் விடாதீர்கள்.

கருவியின் மேல் ஒரு அட்டை தொங்கவிடுங்கள்: என்ன வேலை, எத்தனை டிகிரி, எப்போது முடியும், ஏதாவது என்றால் யாரைக் கூப்பிட வேண்டும். எம்.சி.பி. எது என்பதும் அதில் இருக்கட்டும். இரவுக் காவலருக்கு அந்த எம்.சி.பி.யை நேரில் கொண்டுபோய்க் காட்டிவிட்டுப் போங்கள்.

கரண்ட் போய்த் திரும்பும் நேரம் தனி ஆபத்து. மாலையில் கரண்ட் போனது, எல்லாரும் அப்படியே கிளம்பிவிட்டார்கள், ஏழு மணிக்குக் கரண்ட் வந்தது, பூட்டிய ஆய்வகத்தில் எல்லா ஹீட்டரும் தானே ஓடத் தொடங்கின. இப்படி நடக்காமலிருக்க, கரண்ட் போன உடனே சூடேற்றும் கருவிகளை அணைப்பதை வழக்கமாக்குங்கள். ஸ்டார்ட் பட்டன் அழுத்தினால் மட்டுமே ஒட்டும் கான்டாக்டர் வழியாக மேசைக்கு மின்சாரம் கொடுப்பது இன்னும் நல்லது. கரண்ட் போனால் அது விடும், ஆள் வந்து அழுத்தும்வரை திரும்ப ஒட்டாது.

ஷாக் அடித்தால், தீப்பிடித்தால்

1. ஆளைத் தொடாதீர்கள். எம்.சி.பி.யை அணையுங்கள் அல்லது சுவர் சுவிட்சை. முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டை, பிளாஸ்டிக் நாற்காலி கொண்டு தள்ளிப் பிரித்துவிடுங்கள்.
2. 108ஐ அழையுங்கள். வேறொருவரை அழைக்கச் சொன்னால் அவரைச் சுட்டிக்காட்டிச் சொல்லுங்கள்.
3. கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு சரியில்லை என்றால் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை விடாதீர்கள்.
4. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஈ.சி.ஜி. எடுங்கள். இதயத்துடிப்பின் கோளாறு வெளியே தெரியாமல் இருக்கக்கூடும்.
5. சூடு பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை எதுவும் பூசாதீர்கள்.

ஓவனுக்குள் தீ தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள். மின்சாரத்தை வெட்டுங்கள். காற்றில்லாமல் அடங்கட்டும். வெளியே பரவினால் கார்பன் டை ஆக்சைடு அல்லது உலர் தூள் அணைப்பான். தண்ணீர் வேண்டாம்.

இன்று மாலைக்கு ஒரு வேலை

ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் நெம்பு கீழே விழ வேண்டும். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத ஆர்.சி.சி.பி. உள்ளே இறுகிப்போயிருக்கலாம். இன்று ஆய்வகத்தைப் பூட்டும்முன், கருவிகளை அணைத்துவிட்டு, அந்தப் பொத்தானை அழுத்துங்கள். விழுந்தால் தேதியைப் பெட்டியின் உட்பக்கம் எழுதிவையுங்கள். விழவில்லை என்றால் புதியது மாட்டும்வரை நாளை காலை ஒரு மாணவரையும் வாட்டர் பாத் பக்கம் விடாதீர்கள்.